உங்களுக்குத் தெரியுமா? கோலாலம்பூர் கில்லாடிகள்!

கோலாலம்பூர் தாதா கதை சொன்ன ரஜினியின் 'கபாலி' படத்துக்கு இரண்டு முடிவுகள்! தமிழ்நாட்டில் திரை இருண்டு, ஒரு துப்பாக்கிச் சத்தத்தோடு படம் முடிந்தது. கபாலி செத்தாரா, பிழைத்தாரா என்று ரசிகர்கள் வாக்குவாதம் செய்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள். மலேசியாவில் அந்த வாக்குவாதத்துக்கே வேலை இல்லை. கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று திரையிலேயே எழுத்துப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்!

2016 ஜூலை 22. கபாலி வெளியான நாள். முதல் நாள் படம் பார்க்க பெங்களூரிலிருந்து சென்னைக்குத் தனி விமானமே விட்டது ஏர் ஏசியா! கட்டணம் 7,860 ரூபாய். ரஜினி முகம் வரைந்த விமானம் வேறு வானத்தில் பறந்தது!

அந்தப் படத்தின் வில்லன் டோனி லீயை ஞாபகம் இருக்கிறதா? அந்த நடிகர் வின்ஸ்டன் சாவ், தைவான்காரர். நம்மிடம் மாட்டிக்கொண்டு உதை வாங்குவதற்கு முன்னால் அவர் திரையில் யாராக வாழ்ந்தார் தெரியுமா? சீனக் குடியரசின் தந்தை சன் யாட் சென்னாக! அதுவும் ஒரு படத்தில் இல்லை. 'தி சூங் சிஸ்டர்ஸ்', 'ரோட் டு டான்', '1911' என்று மூன்று படங்களில்!

இன்னொன்று. 25 ஆண்டு சிறை முடிந்து வெளியே வரப்போகும் கபாலியின் கையில் கத்தி இல்லை, கட்டாரி இல்லை. ஒரு புத்தகம்! ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய 'மை ஃபாதர் பாலையா'. ஒரு தலித் குடும்பத்தின் வாழ்க்கை வரலாறு. பா. ரஞ்சித் வைத்த அந்த ஒரே ஒரு ஷாட்டுக்காகவே படத்தை மறுபடி பார்க்கலாம்!

கபாலி வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே கோலாலம்பூர் தாதாக்களின் தலைநகர் ஆகிவிட்டது! 2006இல் ஷாருக் கானின் 'டான்' இங்கே வந்து இறங்கியது. 2007 டிசம்பர் 14 அன்று அஜித்தின் 'பில்லா' வெளியானது. அதுவும் இதே ஊர்தான்! 1978 'டான்', 1980 'பில்லா'. இரண்டு பழைய படங்கள், இரண்டு மறு அவதாரங்கள், ஒரே நகரம்!

பில்லாவில் முருகன் பாட்டு வருமே, எடுத்த இடம் பத்துமலை. பின்னால் நிற்கும் முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். 2006 ஜனவரியில்தான் திறந்தார்கள். சிலைக்கு இரண்டு வயது நிரம்புவதற்குள் சினிமாவில் நடித்துவிட்டது!

ஹாலிவுட் திருடர்களும் விட்டுவைக்கவில்லை. 1999இல் ஷான் கானரியும் கேத்தரின் ஜீட்டா ஜோன்சும் 'என்ட்ராப்மென்ட்' படத்துக்காகப் பெட்ரோனாஸ் கோபுரத்துக்கே கொள்ளையடிக்க வந்தார்கள்! 88 மாடி, 452 மீட்டர். ஆனால் படம் பார்த்த மலேசியர்கள் கொதித்துப் போனார்கள். கோபுரத்தின் காலடியில் ஒரு குடிசைப் பகுதியைக் காட்டியிருந்தார்களே, அது கோலாலம்பூரே இல்லை. மலாக்கா ஆற்றங்கரையைப் படம் பிடித்து ஒட்டுப்போட்டுவிட்டார்கள்! பிரதமர் மகாதீரே கண்டித்துப் பேசினார்!

சினிமா போதும். நிஜத்துக்கு வாருங்கள், அது இன்னும் தூக்கலாக இருக்கும்!

கோலாலம்பூரை வளர்த்து ஆளாக்கியவரே ஒரு ரகசியச் சங்கத்தின் தலைவர்தான்! பெயர் யாப் ஆ லோய். சங்கத்தின் பெயர் ஹாய் சான். 1868இல் ஊரின் மூன்றாவது சீனக் கப்பித்தான், அதாவது சீனர்களின் தலைவர், ஆனார். ஈயச் சுரங்கம், அபின், சூதாட்டம் எல்லாம் அவர் கைக்குள். இன்றைக்கும் நகரின் நடுவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது!

1881இல் ஊரையே தீ தின்றது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது! பலகை வீடும் அத்தாப்புக் கூரையும் இனி வேண்டாம், செங்கல்லும் ஓடும் போட்டுக் கட்டுங்கள் என்று உத்தரவிட்டார் ஆங்கிலேய அதிகாரி ஸ்வெட்டன்ஹம். செங்கல்லுக்கு எங்கே போவது? ஊருக்கு வெளியே சூளை போட்டார் நம் யாப் ஆ லோய். அந்த இடம்தான் இன்று நீங்கள் வாழையிலை சாப்பாடு சாப்பிட்டு, மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு வரும் பிரிக்ஃபீல்ட்ஸ்!

கிள்ளான்காரர்களே, நீங்கள் மட்டும் என்ன சளைத்தவர்களா? அபின் வரியைக் கட்ட மாட்டேன் என்று ராஜா மகாடி முறுக்கிக்கொண்டார். 1867இல் கிள்ளானையே கைப்பற்றினார்! அந்த வரித் தகராறு ஹாய் சான், கீ ஹின் என்ற இரண்டு ரகசியச் சங்கங்களையும் உள்ளே இழுத்து, 1874 வரை ஓயாத கிள்ளான் போராக வெடித்தது. ராஜா மகாடி கோட்டையின் நுழைவாயில் இன்னும் கிள்ளானில் நிற்கிறது. தினமும் அந்தப் பக்கம் வண்டியில் போகிறவர்கள் நாளைக்கு ஒரு நிமிடம் நின்று பாருங்கள்!

இப்போது போத்தாக் சின்! இயற்பெயர் வோங் சுவீ சின். முதல் ஆயுதக் கொள்ளை நடந்தபோது வயது 18! எழுபதுகளில் கோலாலம்பூரையே கதிகலங்க வைத்தவன். கொள்ளையடித்ததில் ஏழைகளுக்கும் கொடுப்பான் என்று ஊரில் ஒரு பேச்சு. கதாநாயகனா, வில்லனா? ஆண்டுகள் பல ஆகிவிட்டன, இன்னும் ஊர் முடிவு செய்யவில்லை!

அவனைத் துரத்தியவர் ஒரு தமிழர்! காவல்துறை அதிகாரி எஸ். குலசிங்கம். கடும் குற்றப் பிரிவின் தலைவர். 1975 நவம்பர். டேவிட்சன் சாலையில் காரில் போய்க்கொண்டிருக்கிறார். போத்தாக் சின் கும்பல் காரை நோக்கிச் சரமாரியாகச் சுடுகிறது. மார்பில் குண்டு! ஆள் போய்விட்டார் என்று நினைத்தீர்களா? பிழைத்து வந்தார்! இவரைப் பற்றித் தமிழில் இன்னும் ஒரு முழுநீளத் திரைப்படம் வராதது பெரிய குறை. யாராவது எடுங்கள் ஐயா!

மூன்றே மாதம்! 1976 பிப்ரவரி 16. பலகை ஆலை ஒன்றில் போத்தாக் சின்னைப் போலீஸ் சுற்றி வளைத்தது. உடம்பில் பல குண்டுகள் பாய்ந்தன. அவனும் சாகவில்லை! 1981 ஜூன் 11 அன்று புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். எதற்குத் தெரியுமா? கொள்ளைக்கு இல்லை. சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்ததற்கு!

அடுத்து தாதா பென்தோங் காளி. பகாங் மாநிலத்தின் பென்தோங் ஊர்க்காரர், இயற்பெயர் பி. காளிமுத்து. நாடு முழுக்க வலைவீசித் தேடினார்கள். காட்டிலா இருந்தார்? தோட்டப்புறத்திலா? இல்லவே இல்லை! 1993 ஜூன் 29 அன்று போலீசார் சுட்டு வீழ்த்தியது மேடான் டாமான்சாராவில், வசதியானவர்கள் வாழும் குடியிருப்பில். வயது 32!

புடு சிறை என்றேனே, அதற்கு ஒரு தனிப் புத்தகமே போடலாம். 1895இல் கட்டி முடித்தது. அதன் வெளிச்சுவரில் ஒரு கைதி தூரிகை பிடித்து ஓவியம் வரைந்தார். நீளம் எவ்வளவு? 260 மீட்டர்! உயரம் நாலரை மீட்டர்! உள்ளே தூக்குமேடை, வெளியே மரமும் மலையும் நீருமாகக் குளுகுளு காட்சிகள். உலக சாதனை என்று பேசப்பட்ட அந்தச் சுவரை 2010இல் இடித்தே விட்டார்கள். மனசு ஆறவில்லை!

சிறை இருந்த இடத்தில் இப்போது என்ன? ஷாப்பிங் மால்! 2022 ஜனவரியில் ஜப்பான்காரர்களின் லாலாபோர்ட் திறந்தது. பழைய சிறையின் நுழைவாயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். போத்தாக் சின்னை அடைத்து வைத்த மண்ணில் இன்று சூஷி கிடைக்கிறது!

1986 ஜூலை 7. அதே புடு சிறையில் ஹெராயின் வழக்கில் இருவரைத் தூக்கிலிட்டார்கள். கெவின் பார்லோ, பிரையன் சேம்பர்ஸ். இருவரும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள்! புதிய போதைப்பொருள் சட்டத்தில் தூக்கு மேடை ஏறிய முதல் மேற்கத்தியர்கள். இரண்டு நாட்டுப் பிரதமர்களுக்கும் முட்டிக்கொண்டது! 1988இல் ஆஸ்திரேலியர்கள் இதைத் தொலைக்காட்சித் தொடராகவே எடுத்தார்கள். அதில் சேம்பர்சாக நடித்த இளைஞர் யார்? ஹியூகோ வீவிங். ஆமாம், பின்னாளில் 'மேட்ரிக்ஸ்' படத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டு மிரட்டிய ஏஜென்ட் ஸ்மித்!

அதே 1986, அதே சிறை, அக்டோபர் மாதம். ஆறு கைதிகள் இரண்டு மருத்துவ ஊழியர்களைப் பிணை பிடித்தார்கள். ஆறு நாள் முற்றுகை! தலைமை தாங்கிய கைதி யார் தெரியுமா? சிங்கப்பூரின் முன்னாள் போலீஸ்காரர்! பிணையாளிகள் இருவரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

ஆஸ்திரேலியா வரை வந்துவிட்டோம், சும்மா திரும்புவானேன்? உலகின் முதல் முழுநீளத் திரைப்படம் ஒரு கொள்ளைக்காரனின் கதை! நெட் கெல்லி. அவன் கதை மெல்பர்னில் 1906இல் திரைக்கு வந்தது!

ஷெர்லாக் ஹோம்ஸ் பிறந்தது 1887. மெல்பர்ன் பாதாள உலகைக் காட்டும் 'தி மிஸ்டரி ஆஃப் எ ஹேன்சம் கேப்' அதற்கு ஓராண்டு முந்தியது! எழுதிய ஃபெர்கஸ் ஹியூம் உரிமையை விற்றது வெறும் 50 பவுண்டுக்கு. புத்தகமோ இலட்சக்கணக்கில் விற்றது!

'சாந்தாராம்' நாவலை எழுதிய கிரிகரி டேவிட் ராபர்ட்ஸ் நிஜமாகவே சிறையை உடைத்தவர். 1980இல் மெல்பர்ன் பென்ட்ரிட்ஜ் சிறையிலிருந்து பட்டப்பகலில் தப்பி, பம்பாய் வந்து குடிசைப் பகுதியில் வாழ்ந்தார்! திரும்பவும் பிடிபட்டு உள்ளே உட்கார்ந்து எழுதியதைக் காவலர்கள் இரண்டு முறை அழித்தார்கள். மனுஷன் மூன்றாவது முறையும் எழுதினார். 900 பக்கத்துக்கு மேல்!

2008இல் 'அண்டர்பெல்லி' என்ற தாதா தொடர் வந்தது. கதை நடப்பது மெல்பர்னில். ஆனால் மெல்பர்ன்காரர்கள் பார்க்க முடியவில்லை! கொலை வழக்கு நடக்கிறது என்று நீதிமன்றம் விக்டோரியா மாநிலத்துக்கு மட்டும் தடை போட்டது!

திரும்பி வாருங்கள், கோலாலம்பூருக்கு. மோசடிக்காரனைப் பற்றிய படத்தையே மோசடிப் பணத்தில் எடுத்தால் எப்படி இருக்கும்? நடந்தது! 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்', 2013. மலேசிய அரசின் 1எம்டிபி நிதியிலிருந்து சுருட்டிய பணம் அதில் புகுந்தது என்றது அமெரிக்க நீதித்துறை. தயாரித்த நிறுவனம் 2018இல் 6 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது! நாயகன் டிகாப்ரியோ, தனக்குப் பரிசாக வந்த மார்லன் பிராண்டோவின் ஆஸ்கார் சிலையைத் திருப்பிக் கொடுத்தார்!

அதே 2018, அதே 1எம்டிபி விவகாரம். கோலாலம்பூரில் முன்னாள் பிரதமரோடு தொடர்புடைய இடங்களில் போலீஸ் சோதனை. நகைகள் 12,000! கைப்பைகள் 567! கடிகாரங்கள் 423! கறுப்புக் கண்ணாடிகள் 234! ரொக்கம் 26 நாட்டு நாணயத்தில், 11 கோடி வெள்ளிக்கும் மேல்! எந்த நாவலாசிரியர் இப்படி எழுதியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்!

இனி ஒரு கனமான எண். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. பல பெயர்கள் வெறும் எண்கள்: 04, 08, 36! மொத்த உறுப்பினர் 40,313 பேர். அதில் இந்தியர் எத்தனை? 28,926! மக்கள்தொகையில் நாம் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இந்தக் கணக்கு என் நெஞ்சில் முள்ளாகவே கிடக்கிறது.

அந்த முள்ளைத் தொட்டுக் காட்டிய படம் 'ஜகாட்'. இயக்கியவர் சஞ்சய் குமார் பெருமாள். தொண்ணூறுகளின் தொடக்கம், தோட்டம் விட்டு வந்த குடும்பம், 12 வயது அப்போய், கும்பலில் இருக்கும் சித்தப்பா மெக்சிகோ. தாதாவைத் தோளில் தூக்கிவைக்காத தாதா படம்! 2016 மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் அல்லாத படங்களுக்குத் தனிப் பிரிவு என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியது, மலாய்க் கலைஞர்களே முன்னால் நின்றார்கள்! பிரிவினை போனது. நாட்டின் சிறந்த படம் என்ற விருதைத் தமிழ்ப் படம் தட்டிச் சென்றது!

மலாய்ப் படம் 'கேஎல் கேங்ஸ்டர்' 2011இல் வசூலித்தது 1 கோடியே 10 இலட்சம் வெள்ளிக்கும் மேல். அன்றைய மலாய்ப் பட வசூல் சாதனை!

கோலாலம்பூரின் இருட்டை மட்டுமே எழுதிய சிறுகதைத் தொகுப்புகளும் உண்டு. 'கேஎல் நுவார்'. சிவப்பு, வெள்ளை, நீலம், மஞ்சள் என்று நிறத்துக்கு ஒன்றாக நான்கு!

தமிழில்? இருக்கிறது! ம. நவீன் எழுதிய 'சிகண்டி', 2021. சௌகிட் தெருக்கள், திருநங்கையர், குண்டர் உலகம் என்று யாரும் திரும்பிப் பார்க்காத கோலாலம்பூரை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும் நாவல். இவருடைய முந்தைய நாவல் 'பேய்ச்சி'க்கு 2020 டிசம்பரில் உள்துறை அமைச்சு தடையே விதித்தது! எழுத்தாளர் அடுத்த ஆண்டே அடுத்த நாவலோடு வந்து நின்றார். இன்னும் படிக்கவில்லையா? புத்தகக் கடையில் 'சிகண்டி' இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்!