நாற்காலியும் நாலு பேரும்

மட்டக்களப்பின் புளியந்தீவில் நடக்க இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒல்லாந்தர் கோட்டைப் பக்கமும், காந்தி பூங்காவை ஒட்டிய வாவிக்கரையிலும் வெயில் ஏறுமுன் நல்ல காற்று. பிறஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் கிளினிக் போகிற முதியவர்களிடம் வைத்தியர்கள் சொல்வதும் "நடங்க" என்பதைத்தான். சிலர் நடக்கிறார்கள். பிறகு முழங்கால் நோ, மாரி மழை, பேரப்பிள்ளையின் பள்ளிக்கூட ஓட்டம் என்று ஏதோ ஒன்றில் அது நின்றுபோகிறது.

நடை நல்லதுதான், ஆனால் போதாது. வயதாக ஆகத் தொடைத் தசை கரைகிறது. கால் தடுக்கினால் உடம்பைச் சட்டென்று நிமிர்த்திக்கொள்ளும் திறனும் குறைகிறது. குளியலறையில் ஒருமுறை வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர் பழையபடி எழுந்து நடமாடுவது பெரும்பாடு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில், 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் 150 நிமிட நடை போன்ற உழைப்போடு, மூன்று நாளாவது சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2019ஆம் ஆண்டின் கொக்ரேன் மீளாய்வு, உடற்பயிற்சி செய்யும் முதியவர்கள் விழுவது ஏறக்குறைய 23 சதவீதம் குறைகிறது என்று கண்டது. ஒற்றைக்காலில் நிற்பது, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுவது போன்ற எளிய பயிற்சிகளே இதில் முன்னணியில் நிற்கின்றன.

'இந்த வயதில் இனி என்ன?' என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. பொஸ்டனில் 1990இல், தொண்ணூறை ஒட்டிய வயதினர் பத்துப் பேருக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் வலிமை இரண்டு மடங்கையும் தாண்டியது.

ஜப்பானின் கோச்சி நகரம் 2002இல் 'நூறு வயதுப் பயிற்சி' ஒன்றை வகுத்தது. கணுக்காலிலும் மணிக்கட்டிலும் பாரப்பட்டி கட்டிக்கொண்டு, கதிரையின் துணையோடு இசைக்கேற்ப மெதுவாகக் கையையும் காலையும் தூக்கி இறக்குவார்கள். பட்டிக்குள் செருகும் சின்னக் கம்பிகளைக் கூட்டிப் பாரத்தை 2.2 கிலோ வரை ஏற்றலாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள், அரை மணித்தியாலம் அளவில். விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வேண்டாம். அந்தந்தப் பகுதி மக்களே பொதுமண்டபத்தில் கூடி நடத்துகிறார்கள். அது ஜப்பான் எங்கும் பரவியதற்கு இதுவே பெரிய காரணம்.

கூடிச் செய்வதற்கு ஏன் இத்தனை அழுத்தம்? அதே நாட்டின் ஐச்சி மாநிலத்தில் 65 வயதைக் கடந்த ஆயிரக்கணக்கானோரை நான்கு ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. தனியே உடற்பயிற்சி செய்தவர்களைவிட, குழுவில் சேர்ந்து செய்தவர்களே பிறர் உதவியில் தங்கியிருக்கும் நிலைக்குக் குறைவாக ஆளானார்கள். இதில் வியப்பில்லை. தனியே நடப்பவர் ஒரு நாள் வராவிட்டால் யாருக்கும் தெரியாது. குழுவில் வராதவரின் வீட்டுக்கு அன்றைக்கே அழைப்புப் போகும்.

மட்டக்களப்புக்கு இது இன்னும் பொருந்தும். போரையும் 2004 சுனாமியையும் கடந்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. இழப்பை உள்ளே வைத்துக்கொண்டு, பிள்ளைகள் கொழும்பிலோ கடல் கடந்தோ இருக்க, நாள் முழுதும் பேசாமல் கழிக்கிற அம்மாக்களும் ஐயாக்களும் எத்தனை பேர்! சீரான உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. அதோடு நாலு பேரின் பேச்சும் சேர்ந்தால் அந்த வீட்டு மௌனமும் உடையும்.

புதிதாக அமைப்பு எதுவும் தொடங்கத் தேவையில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே நாடெங்கும் கிராம மட்டம் வரை முதியோர் சங்கங்கள் உருவாகியிருக்கின்றன. கூட்டத்துக்கும் சுற்றுலாவுக்கும் கூடுகிறவர்கள், வாரத்தில் இரண்டு காலை கோயில் மண்டபத்திலோ பாடசாலை மண்டபத்திலோ கதிரைகளை வட்டமாகப் போட்டுக் கூடலாம். வட்டக்களரியில் மத்தளத்துக்கு ஏற்ப ஆடுகிற கூத்து இந்த மண்ணுக்குச் சொந்தம். தாளத்தோடு அடி வைப்பதை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். தெருவில் தனியே நடக்கக் கூச்சப்படுகிற பெண்களுக்கும் மண்டபம்தான் வசதி.

இதய வருத்தம் உள்ளவர்களும், அண்மையில் விழுந்தவர்களும் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒற்றைக்காலில் நிற்கும்போது கதிரை முதுகைப் பிடித்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும்; நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும்.