எங்கள் தெருக் கொலுவில் பெய்த மண்மாரி

"இந்த வருஷம் ஒன்பது படியெல்லாம் வேண்டாம்டி. மூணே படி போதும். குனிஞ்சு நிமிர யாருக்கு முடியுது, சொல்லு?"

போன ஆவணி மாதக் கடைசியில் கோடிவீட்டு மாமி இப்படி ஆரம்பித்து வைத்தார். உறையூரில் எங்கள் தெருவில் ஒரு சின்ன சமுதாயக் கூடம் இருக்கிறது. முப்பதடி நீளம், பதினெட்டடி அகலம், நாலு ஜன்னல். அதில் இரண்டு, வருஷக்கணக்காகத் திறக்கவே வராது. (இந்த ஜன்னலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.) நவராத்திரிக்குத் தெருப்பெண்கள் எல்லோரும் சேர்ந்து அங்கேதான் கொலு வைப்போம்.

மூன்று படி என்றால் மீதி இடத்தை என்ன செய்வது? கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகள் லீவுக்கு வந்திருந்தாள். "அத்தை, பொம்மையை வெச்சு வேடிக்கை பார்க்கிறதுக்குப் பதிலா, ஆளே கதைக்குள்ள நடந்து போகிற மாதிரி பண்ணலாமே! அதுக்குப் பேர் இன்ஸ்டலேஷன்" என்றாள்.

"என்னடி அது, கேஸ் கனெக்ஷன் மாதிரி?" என்று மாமி கேட்டார்.

சிரித்தோமே தவிர, விஷயம் மனசில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் 1972-ல் ஜூடி சிகாகோ, மிரியம் ஷாபிரோ என்று இரண்டு ஓவிய ஆசிரியைகள், தங்கள் மாணவிகளைச் சேர்த்துக்கொண்டு, ஹாலிவுட்டில் பாழடைந்து கிடந்த ஒரு பழைய பங்களாவைத் தாங்களே பழுது பார்த்து, வெள்ளையடித்து, ஒவ்வோர் அறையையும் பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லும் ஒரு காட்சியாக மாற்றினார்களாம். துணி அலமாரித் தட்டுகளுக்கு நடுவே ஒரு பெண்ணுருவம் சிக்கிக் கிடக்குமாம். ஒரு மாதந்தான் வைத்திருந்தார்கள். இதை அவள் சொல்லி முடித்ததும் தறிவீட்டுப் பெரியம்மா கேட்டார்: "அந்த அலமாரிப் பொம்பளையைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமா? எங்க வீட்டுக்கு வரச் சொல்லு!"

எந்தக் கதை என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. உறையூர்க்காரர்களுக்கு அந்த ஒரு கதைதானே! சாரமா முனிவர் செவ்வந்தி நந்தவனம் வளர்த்து, மலைக்கோட்டைத் தாயுமானவருக்குத் தினமும் பூ கொடுத்து வந்தார். அந்தப் பூவைப் பறித்து ராஜாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தான் பூ வியாபாரி. ராஜா தட்டிக் கேட்கவில்லை. முனிவர் முறையிட, கிழக்கே பார்த்திருந்த சுவாமி உறையூர் இருக்கும் மேற்குப் பக்கம் திரும்பினார். ஊர்மேல் மண்மாரி பொழிந்தது. வீடு இழந்த ஜனங்கள் வெக்காளி அம்மனிடம் ஓடினார்கள். அவர்கள் எல்லோருக்கும் வீடு கிடைக்கிறவரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அம்மன் சொல்லிவிட்டாளாம். இன்றைக்கும் அவள் வெட்டவெளியில்தானே மழையும் வெயிலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

பொம்மை வைத்து இந்தக் கதையைச் செய்தால் கால் மணியில் பார்த்துவிட்டுச் சுண்டல் வாங்கப் போய்விடுவார்கள். மண்மாரி தலையில் விழ வேண்டும், மூச்சு முட்ட வேண்டும், அப்புறம் வானம் தெரிய வேண்டும். அதற்கு வழி? கோயிலில் வெளிப்பிராகாரம் வெளிச்சமாக இருக்கும், உள்ளே போகப் போக இடம் குறுகி, இருட்டி, கடைசியில் தீப ஒளியில் சுவாமி தெரியும். நாங்கள் இதைத் திருப்பிப் போட்டோம். வாசலில் நந்தவனம், நடுவில் குறுகலான இருட்டு, கடைசியில் திறந்த வெளி. ஒரு சின்ன கூடத்தின் கடைசிப் பகுதி பெரிதாகத் தெரிய வேண்டுமானால், அதற்கு முந்தின இடம் நெருக்கமாக இருக்க வேண்டும். இது ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மண்மாரிக்கு யோசனை சொன்னது பெரியம்மாதான். தறியில் மிஞ்சும் கழிவு நூல் மூட்டை மூட்டையாக அவர் வீட்டில் கிடந்தது. அதைக் காவித் தண்ணீரில் முக்கி உலர்த்தி, மூங்கில் பிளாச்சில் வரிசை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டோம். ஆள் உயரத்துக்குக் கீழே, தோள் வரை வருகிற மாதிரி, ஆயிரக்கணக்கான இழைகள். கையால் விலக்கிக்கொண்டுதான் போக வேண்டும். காலடியில் நிஜ மணல் கொட்டலாம் என்று பிள்ளைகள் குதித்தார்கள். வயசானவர்கள் வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்புக்கு யார் பதில் சொல்வது? தேங்காய் நார்ப் பாய் விரித்தோம். வெறுங்காலுக்கு அதுவே மணல் மாதிரி நறநறவென்று இருந்தது.

உறையூருக்குச் சாயமும் நூலும் புதுசா? சுமார் 2000 வருஷத்துக்கு முந்தைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பில், மெல்லிய துணி ஏற்றுமதியான இடமாக அர்கரு என்ற பேர் வருகிறது; அது உறையூர்தான் என்பது ஆராய்ச்சியாளர்கள் கருத்து. 1965-க்கும் 1969-க்கும் இடையில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டியபோது செங்கல் கட்டிய சாயத்தொட்டியே கிடைத்தது. பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்பவும் கூலி பாக்கி வெச்சிருப்பாங்க" என்றார்.

மேலே வானத்துக்குப் பழைய சேலைகள். தஞ்சைப் பக்கத்துக் கருப்பூரில் கோயில்களுக்காகக் கையால் எழுதும் கலம்காரித் துணிகள் உண்டு. தூண்போலத் தொங்கும் தொம்பை, விதானமாகக் கட்டும் அஸ்மானகிரி என்று, துணியாலேயே ஒரு மண்டபத்தை எழுப்பிவிடுவார்கள். 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஜாடையில், வீட்டுக்கு ஒரு கருநீலச் சேலை என்று கேட்டு வாங்கி, ஒட்டுப்போட்டுத் தைத்து, கூரை முழுவதும் கட்டினோம். பதினேழு சேலை! துணியும் நூலும் தொங்குகிற இடமாதலால் அகல்விளக்கு கிட்டவே வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, சூடாகாத எல்.இ.டி. சரவிளக்கு மட்டும் போட்டோம். வாசலில் இரண்டு வாளி மண், ஒரு அண்டா தண்ணீர்.

இனிமேல் சொல்லப்போவது என் தப்பு.

செவ்வந்தி நந்தவனத்தையும் மலையையும் எழுதும் பொறுப்பு எதிர்வீட்டு அக்காவுக்கு. நாற்பது புள்ளிக் கோலத்தை ஓர் இடத்தில்கூட அழிக்காமல் போடுகிற கை அது. தாள் பூக்களை அவர் போஸ்டர் கலரில் எழுதிவிட்டார். மலைக்கு மட்டும் பளபளப்பு வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டு, எனாமல் பெயின்ட்டும் தின்னரும் வாங்கி வந்தேன். இரண்டாயிரத்துச் சொச்ச ரூபாய். பிள்ளைகள் எட்டிப் பார்க்கக்கூடாது என்று திறக்கிற இரண்டு ஜன்னலையும் நானே சாத்தினேன். காற்றில் நூல் சிக்குகிறது என்று ஃபேனையும் நிறுத்தினேன். மூன்று ராத்திரி அப்படியே வேலை நடந்தது. தலைவலி எல்லோருக்கும் இருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக் காப்பி குடித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ராத்திரி அக்கா தூரிகையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோடு சாய்ந்தார். பேச்சு வரவில்லை. உதடு நிறம் மாறிவிட்டது. சின்ன வயசிலிருந்தே அவருக்கு இழுப்பு உண்டாம். எங்கள் யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலையிலிருந்து விலக்கிவிடுவோமோ என்று அவரும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகிற பத்து நிமிஷம், அந்த மூச்சின் விசில் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, மூச்சு சீரான பிறகு டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார்: "எந்த ரூம்ல பெயின்ட் அடிச்சீங்க? ஜன்னல் திறந்திருந்துதா?"

அவர் விளக்கியதைச் சொல்லிவிடுகிறேன். எனாமலிலும் தின்னரிலும் உள்ள கரைப்பான் ஆவியாகிப் பறந்தால்தான் வண்ணம் காயும். ஜன்னல் சாத்தியிருந்தால் அந்த ஆவி நம் நெஞ்சுக்குள்தான் போகும். நமக்குத் தலைவலி, கிறுகிறுப்பு. ஆஸ்துமாக்காரருக்கு மூச்சே நின்றுவிடலாம். வாசனை தெரியவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தமில்லை. கொஞ்ச நேரத்தில் மூக்கு பழகிப்போய்விடுகிறது. இன்னொன்றும் சொன்னார். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பழைய டப்பாவை யாராவது 'சும்மா தருகிறேன்' என்றால் வாங்காதீர்கள். பழைய கதவு ஜன்னலை உப்புத்தாளால் தேய்க்கும்போது குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஈயத்தூசி பிஞ்சு மூளையைப் பாதிக்கும்.

அக்காவின் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இனிமே அந்தப் பக்கம் அனுப்ப மாட்டேன்." எனக்குப் பதில் சொல்ல வாய் ஏது?

நவராத்திரிக்கு ஆறு நாள். எனாமல் அடித்த பலகைகளை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போட்டோம். திறக்காத ஜன்னல்களை ஆசாரியைக் கூப்பிட்டுத் திறக்க வைத்தோம். மலையைப் புதிதாகச் செய்தோம்: மூங்கில் கூடு, மேலே கோணி, அதன்மேல் நீர்த்துக் குளிர்ந்த சுண்ணாம்பு. வண்ணத்துக்குச் செம்மண், காவி, கரி. சித்தன்னவாசல் போயிருக்கிறீர்களா? புதுக்கோட்டைப் பக்கம்தான். குகைக் கூரையில் ஒரு தாமரைக்குளமே இருக்கிறது! மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள் எல்லாம் நம் தலைக்கு மேலே. அவர்களும் சுண்ணாம்புப் பூச்சில் மண்ணையும் கல்லையும் அரைத்துத்தான் எழுதினார்கள். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மிச்சம் இருக்கிறது.

மலையடிவாரத்தில் கொஞ்சம் செவ்வந்தி எழுதலாமே என்று நான் கிழங்கு மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பின்மேல் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் பூவெல்லாம் ரத்தச் சிவப்பு! பதறிப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்த அக்காவுக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு, நடுவில் இருமல். "ஏண்டி, ஆரத்தி கரைக்கத் தெரியாதவளா நீ? மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா வேற என்ன ஆகும்? மஞ்சக் காவி வாங்கு. அது கல்லு. நிறம் மாறாது."

அன்றிலிருந்து தினமும் ஃபோனிலேயே வேலை வாங்கினார். ஃபோட்டோ அனுப்பு, இந்த இதழ் தடிமனா இருக்கு, மலையோட இடுப்பை ஒடுக்கு... நான் எழுதிய மலை கடைசிவரை கொஞ்சம் கவிழ்த்த தோசைமாவுப் பாத்திரம் மாதிரிதான் இருந்தது. பரவாயில்லை.

வானத்தில் இன்னும் ஏதோ குறை என்று தோன்றியது. என் அண்ணன் மகள்தான் கடைசி நாளில் கண்டுபிடித்தாள். வீடுகளிலிருந்து உருளி, அண்டா, தாம்பாளம் என்று வாங்கித் தரையில் வைத்துத் தண்ணீர் நிரப்பினாள். மேலே இருந்த சரவிளக்கு அத்தனையும் கீழே நட்சத்திரமாகிவிட்டது. "சித்தன்னவாசல்ல கூரையில குளம் அத்தை, நமக்குத் தரையில வானம்." நடுவில் கூரையே இல்லாத ஒரு மேடை; அதில் ஒரு சூலம், மூங்கிலில் செய்தது. மூன்று படிக் கொலு அதன் பின்னால்.

ஒன்பது நாளும் கூட்டம். நூல் மழைக்குள் நுழைகிறபோது பேசிக்கொண்டே வருகிறவர்கள் பாதியில் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வெளியே வந்ததும் "ஹப்பா!" என்று ஒரு மூச்சு. அந்த மூச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆட்டோ ஞாபகம்தான் வந்தது.

எட்டாம் நாள் சாயந்தரம் அக்கா வந்தார். வீட்டுக்காரர் முதலில் தான் ஒரு தடவை உள்ளே போய், மூக்கால் முகர்ந்து பார்த்துவிட்டு வந்து, "ம்" என்றார். அக்கா மெதுவாக நடந்து, நூலை விலக்கி, மலையடியில் நின்றார்.

"இந்தச் சிவப்புப் பூவை மட்டும் ஏன் அழிக்கலை?"

"அழிச்சா நீங்க திட்டினதே மறந்து போயிடும்க்கா."

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து தூரிகையை எடுத்து, என் மலையின் இடுப்பை நாலு இழுப்பில் சரி செய்தார். பிறகு தண்ணீர்ப் பாத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து ரொம்ப நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

நாங்கள் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. வெக்காளி கோயிலில் குறையைச் சீட்டில் எழுதிச் சூலத்தில் கட்டுவார்கள் அல்லவா? மூன்றாம் நாள் எங்கள் மூங்கில் சூலத்திலும் யாரோ ஒரு சீட்டைக் கட்டியிருந்தார்கள். விஜயதசமியன்று எண்ணினால் நாற்பத்திரண்டு! பிரித்துப் பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் எல்லோருக்கும் கை துறுதுறுத்தது உண்மை. பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை எல்லோருமாகப் போய் அம்மன் சந்நிதியிலேயே கட்டிவிட்டு வந்தோம்.

சேலைகளைப் பிரித்துத் துவைத்து அவரவர் வீட்டில் கொடுத்தாகிவிட்டது. இரண்டு சேலை யாருடையது என்றே தெரியவில்லை. அவை என் பீரோவில் இருக்கின்றன.