இணையவழிப் பரிசுச்சீட்டும் தனிநபர் தகவல்களும்

இணையவழிப் பரிசுச்சீட்டு (லாட்டரி) என்பது கணினி வலையமைப்பின் வழியாகச் சீட்டுகளை விற்று, குலுக்கல் முறையில் பரிசு வழங்கும் சேவை ஆகும். இச்சேவைகள் வாடிக்கையாளரிடமிருந்து பெயர், பிறந்த நாள், முகவரி, அடையாள எண், வங்கிக் கணக்கு முதலிய தகவல்களைப் பெறுகின்றன. இத்தகவல்கள் எதற்காகப் பெறப்படுகின்றன, எவ்வாறு சேமிக்கப்படுகின்றன, யாருக்குத் தரப்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்லின் இரு பொருள்கள்

இந்தியாவில் இச்சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. மைய அரசின் 2010ஆம் ஆண்டுப் பரிசுச்சீட்டு விதிகளின்படி, கடையில் உள்ள முனையத்தில் கணினி அச்சிட்டுத் தரும் சீட்டே இணையவழிச் சீட்டு ஆகும். வாங்குபவர் தேர்ந்த எண்ணும் விற்பனை விவரமும் அதே நேரத்தில் மைய வழங்கியில் பதிவாகும். 2000களின் தொடக்கத்தில் சிக்கிம் அரசின் சார்பில் நடந்த பிளேவின் இவ்வகையைச் சேர்ந்தது. இதில் சீட்டு வாங்குபவர் தம் பெயரைக் கூறத் தேவையில்லை. சீட்டை வைத்திருப்பவரே அதன் உரிமையாளர்.

மற்றொரு பொருள், வலைத்தளத்திலோ கைபேசிச் செயலியிலோ கணக்குத் தொடங்கி வாங்கும் சீட்டு ஆகும். இங்கு தாள் இல்லை. கணக்கே சீட்டின் உரிமையைக் காட்டும் சான்று. இதனால் சீட்டு தொலைந்துபோகும் அச்சம் நீங்குகிறது. அதற்கு ஈடாக, வாங்குபவரின் அடையாளம் ஒவ்வொரு சீட்டுடனும் பிணைக்கப்படுகிறது.

திரட்டப்படும் தகவல்கள்

* அடையாளத் தகவல்: அகவையை உறுதி செய்வதற்காகப் பெறப்படுகிறது. சிங்கப்பூர் பூல்சு நிறுவனத்தில் இணையக் கணக்குத் தொடங்க 21 அகவை நிறைந்திருக்க வேண்டும்.
* இருப்பிடத் தகவல்: சீட்டு விற்பனை அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் வாடிக்கையாளர் உள்ளாரா என அறிய, ஐ.பி. முகவரியும் கைபேசியின் இருப்பிடக் குறிப்பும் பயன்படுகின்றன.
* பணத் தகவல்: சீட்டின் விலையைப் பெறவும் பரிசைச் செலுத்தவும் தேவைப்படுகிறது.
* பயன்பாட்டுப் பதிவுகள்: எவ்வளவு செலவிட்டார், எந்நேரத்தில் வாங்கினார் என்பன. செலவு வரம்பை நடைமுறைப்படுத்த இவை உதவும். இதே பதிவுகளைக் கொண்டு அடிக்கடி வாங்குபவரை இனங்கண்டு, அவருக்கு மேலும் விளம்பரம் அனுப்பவும் இயலும்.

சேமிப்பும் பாதுகாப்பும்

நன்கு வடிவமைக்கப்பட்ட சேவை கடவுச்சொல்லை அப்படியே சேமிப்பதில்லை. ஒருவழிக் கணிப்பின் மூலம் பெறப்பட்ட குறியீட்டை மட்டுமே சேமிக்கிறது. இக்குறியீட்டிலிருந்து மூலச் சொல்லை நேரடியாகத் திரும்பப் பெற இயலாது. உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே செல்லும் தரவு மறையாக்கம் செய்யப்படுகிறது. கடனட்டை எண்ணைப் பெரும்பாலும் பணம் செலுத்தும் இடைநிலை நிறுவனமே கையாள்கிறது. சீட்டுச் சேவையிடம் அதற்கான மாற்றுக் குறியீடு மட்டும் இருக்கும்.

இவ்வளவு இருந்தும் பயனரின் பழக்கத்தால் பாதுகாப்பு உடையலாம். 2016 நவம்பரில், பிரித்தானியத் தேசியப் பரிசுச்சீட்டை அப்போது நடத்திவந்த கேமலாட் நிறுவனம், ஏறத்தாழ 26,500 கணக்குகளில் பிறர் நுழைந்ததாக அறிவித்தது. வேறு தளங்களிலிருந்து திருடப்பட்ட கடவுச்சொற்களைக் கொண்டு இது நிகழ்ந்திருக்கலாம் என நிறுவனம் கருதியது. ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் பயன்படுத்துவதன் இடர் இதுவே.

பரிசு பெற்றவரின் அடையாளம்

பரிசு பெற்றவரின் பெயரை வெளியிடுவது குலுக்கல் நேர்மையானது என்பதற்குச் சான்றாகும். ஆனால் பெயர் வெளியானால் கடன் கேட்போரும் ஏமாற்றுவோரும் அவரைச் சூழ்வர். பிரித்தானியாவில் பெயர் வெளியீட்டைப் பரிசு பெற்றவரே முடிவு செய்கிறார். ஐக்கிய அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. எனினும் வரித்துறையிடம் அடையாளத்தை மறைக்க இயலாது. இந்தியாவில் 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசில் 30 விழுக்காடு வரி பிடிக்கப்படுவதால் நிரந்தரக் கணக்கு எண் தேவைப்படுகிறது.

இந்தியச் சட்டநிலை

1998ஆம் ஆண்டுப் பரிசுச்சீட்டு (ஒழுங்குமுறை) சட்டத்தின் 5ஆம் பிரிவு, பிற மாநிலச் சீட்டுகளின் விற்பனையைத் தடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளிக்கிறது. தமிழ்நாட்டில் 2003 ஜனவரி முதல் பரிசுச்சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டுள்ளது. இணையவழிப் பணவிளையாட்டுகளைத் தடை செய்யும் மைய அரசின் சட்டம் 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது.

தனிநபர் மறைவுரிமை அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 2023இல் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நோக்கத்தைத் தெரிவித்து இசைவு பெறுதல், தேவை முடிந்தபின் தரவை அழித்தல், தரவுக் கசிவைப் பாதிக்கப்பட்டவருக்கு அறிவித்தல் ஆகியவை இச்சட்டம் விதிக்கும் கடமைகள். பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். விதிகள் படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாதக் கால இடைவெளி தரப்பட்டுள்ளது.

போலிச் சேவைகள்

சட்டம் சேவை நடத்துவோரைக் கண்டறிந்தால் மட்டுமே அவரைக் கட்டுப்படுத்த இயலும். கேரள அரசு தன் சீட்டுகளை அச்சிட்ட தாளாகவே விற்கிறது, இணையத்தில் விற்பதில்லை. எனவே வாலாஜாபாத், ஒரகடம், திருப்பெரும்புதூர் போன்ற தொழிற்பகுதிகளில் உள்ள தொழிலாளி ஒருவரின் கைபேசிக்குக் கேரளச் சீட்டை இணையத்தில் விற்பதாக விளம்பரம் வந்தால், அதை நம்ப இடமில்லை. இத்தகைய மோசடிகளில் சீட்டின் சிறிய விலை முதற்படி மட்டுமே. அடுத்து, பரிசு விழுந்துள்ளதாகக் கூறி, வரி அல்லது செயலாக்கக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தும்படி கேட்பர். பின்னர் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண், ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவற்றைப் பெற முயல்வர்.

உண்மையான பரிசில் வரி பரிசுத் தொகையிலிருந்தே கழிக்கப்படும். பரிசைப் பெற முதலில் பணம் கேட்பது மோசடியின் தெளிவான அடையாளம் ஆகும். இழந்த பணத்தைச் சில வேளைகளில் மீட்கலாம். 1930 என்ற தேசிய இணையக் குற்ற உதவி எண்ணை விரைந்து அழைத்தால் பணப் பரிமாற்றத்தை இடைநிறுத்த வாய்ப்புண்டு. ஆனால் கைமாறிய அடையாள ஆவண நகலைத் திரும்பப் பெற வழியில்லை. அது வேறொருவர் பெயரில் கணக்குத் தொடங்கவும் கடன் பெறவும் பயன்படக்கூடும்.