தாய்க்கோழி தரும் சீதனம்

அடையிலிருந்து பொரிந்த குஞ்சு முதல் நாளே தாய் கிளறிய மண்ணைக் கொத்தும். தாயின் எச்சத்தில் மிதித்து அந்தக் காலோடு தீனி தின்னும். நாம் முகம் சுளிப்போம். குஞ்சுக்கோ அதுதான் சீதனம். தாயின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் அப்படித்தான் குஞ்சின் வயிற்றுக்குள் போகின்றன.

பிராய்லர் குஞ்சு தாயைக் கண்டதே இல்லை. இன்குபேட்டரில் 21 நாளில் பொரிந்து, பெட்டியில் அடைபட்டுப் பண்ணைக்கு வருகிறது. பல்லடம் பக்கத்துக் கொட்டகைகளில் வளர்ந்த கோழிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு சதுர அடி. ஆயிரக்கணக்கான கோழிகள் தரையில் பரப்பிய ஒரே தேங்காய் நார்க்கழிவின்மேல் எச்சமிட்டு அதையே கொத்துகின்றன. அங்கே சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி நுழைந்தால், ஆளில்லாத வீட்டில் புகுந்ததுபோல் குஞ்சின் குடலில் குடியேறிவிடும்.

1971-இல் பின்லாந்துப் பண்ணைகளில் இந்தக் கிருமி பரவியது. எஸ்கோ நூர்மி, மார்யா ரன்டாலா என்ற இரு ஆய்வாளர்கள் செய்த சோதனை மலைக்க வைக்கிறது. ஆரோக்கியமான சேவலின் குடலில் இருந்ததை எடுத்து, பிறந்து ஓரிரு நாளான குஞ்சுகளுக்குப் புகட்டினார்கள். பிறகு சால்மொனெல்லாவைக் கொடுத்தபோது, அது அவற்றிடம் எளிதில் ஒட்டவில்லை. 1973-இல் 'நேச்சர்' இதழ் இதை வெளியிட்டது. நல்ல நுண்ணுயிர்கள் குடல் சுவரில் முன்கூட்டியே இடம் பிடிக்கின்றன, கிருமிக்கான இரையைத் தின்றுவிடுகின்றன, கிருமிக்கு ஒவ்வாத அமிலங்களையும் சுரக்கின்றன.

உலகமோ வேறு வழியில் போயிருந்தது. தீவனத்தில் சிறிதளவு ஆன்டிபயாடிக் கலந்தால் கோழி வேகமாக எடை போடும் என்பது 1940களின் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. விளைவு, மருந்துக்கு அடங்காத கிருமிகள். ஸ்வீடன் 1986-இலும் ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 2006-இலும் வளர்ச்சிக்காகக் கலப்பதை நிறுத்தின. மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கோழித் தீவனத்தில் சேர்ப்பதை இந்தியா தடை செய்தது 2019-இல்தான். எவ்வளவு தாமதம்!

இன்று கடைகளில் நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய புரோபயாடிக் பாக்கெட்டுகள் நிறைய. ஓரிரு வகை நுண்ணுயிர் மட்டும் உள்ள பொடி, முழுக் குடலின் கலவைக்கு ஈடாகாது. கொடுக்கும் நேரமும் முக்கியம்: கிருமி குடியேறிய பிறகு தண்ணீரில் கலப்பதைவிட, பொரிந்த அன்றே கொடுப்பது மேல்.

எந்தப் பொடியும் நெரிசலுக்கு மருந்தில்லை. பண்ணையாளர்களே, அடுத்த பாக்கெட்டை வாங்கும் முன் நார்க்கழிவை ஒரு கை அள்ளி இறுக்கிப் பாருங்கள். அது உதிராமல் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம் என்று பொருள்; முதலில் காற்றோட்டத்துக்கு வழி செய்யுங்கள். அடுத்த முறை குஞ்சுகளைக் குறைத்து விடுங்கள்.