மலர்கள் காட்டும் பருவமாற்றம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கடுங்குளிர் நீங்கிப் பனி உருகியதும் காடெங்கும் சிறு மலர்கள் விரியத் தொடங்கும். இளவேனிலில் அவற்றைக் காணச் செல்லும் உலா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் பலருக்கும் இனிய பொழுதுபோக்காக இருந்தது. அம்மாநிலத்தின் கான்கார்டு என்னும் ஊரில் வாழ்ந்த எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ, அவ்வுலாவையே ஓர் ஆய்வாக மேற்கொண்டார்.

ஒரு செடி தன் முதற்பூவை எந்நாளில் மலர்த்துகிறது என்பதைத் துல்லியமாக அறிய அவர் விரும்பினார். அதற்காக நான்கைந்து மைல் தொலைவிலிருந்த ஒரே செடியை இரு வாரத்திற்குள் பலமுறை நடந்து சென்று பார்த்ததும் உண்டு. பறித்த மலர்களை வாடாமல் காக்கத் தம் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவருவார். 1852 முதல் 1858 வரை நூற்றுக்கணக்கான செடிகள் பூத்த நாள்களைக் குறித்துவைத்தார். பின்னர் அவற்றை அட்டவணைகளாக வகுத்தார். 1862இல் தம் 44ஆம் வயதில் அவர் மறைந்ததால் அப்பணி நிறைவுறவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர்க் கடைக்காரர் ஆல்பிரட் ஹாஸ்மர் அதே வகைக் குறிப்புகளை எழுதிவந்தார்.

இக்குறிப்புகளைப் பாஸ்டன் பல்கலைக்கழக உயிரியலாளர் ரிச்சர்ட் பிரிமாக்கும் ஆபிரகாம் மில்லர் ரஷிங்கும் தம் கள ஆய்வுடன் ஒப்பிட்டனர். 2008இல் முடிவுகள் வெளியாயின. பரவலாகக் காணப்படும் 43 வகைச் செடிகள் தோரோவின் காலத்தைவிடச் சராசரியாக ஏழு நாள் முன்னதாகப் பூக்கின்றன. பாஸ்டன் நகரப் பகுதி விரிந்ததாலும் புவி வெப்பமடைந்ததாலும் அங்கு வெப்பநிலை ஏறத்தாழ 2.4 பாகை செல்சியஸ் உயர்ந்துள்ளது. தோரோ கண்ட செடிவகைகளில் 27 விழுக்காடு இன்று அவ்வூரில் காணப்படவில்லை. வெப்பத்திற்கேற்பப் பூக்கும் காலத்தை மாற்றிக்கொள்ள இயலாத வகைகளே மிகுதியாகக் குறைந்துள்ளன.

முன்னதாகப் பூக்கும் செடிகளுக்கும் இடர் உண்டு. காட்டுத்தரையில் வளரும் சிறுசெடிகள், மரங்கள் தளிர்த்து நிழல் பரப்புவதற்கு முன் கிடைக்கும் வெயிலைக்கொண்டே ஆண்டிற்கு வேண்டிய உணவில் பெரும்பகுதியை ஆக்கிக்கொள்கின்றன. இன்று அச்செடிகள் ஏறத்தாழ ஒரு வாரம் முந்தித் தளிர்க்க, மரங்களோ இரண்டு வாரம் முந்தித் தளிர்க்கின்றன. இதனால் செடிகளுக்குரிய வெயிற்காலம் சுருங்குகிறது.

புவி வெப்பமாதலை ஆராயும் நோக்கில் தோரோ நாள்களைக் குறித்தாரல்லர். ஆயினும் நாள், இடம், செடியின் பெயர் ஆகியவற்றை அவர் பிழையற எழுதிவைத்தமையால், நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த மாற்றத்தை அளக்க முடிந்தது. இன்றைய இளவேனிலை நாளை அளந்தறிய விரும்புவோர்க்கும் இன்று எழுதப்படும் இத்தகைய குறிப்புகளே துணையாகும்.