சராசரி சரி, ஆறாவது சிலிண்டர் காலி!

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்களிடம் ஒரு நம்பிக்கையை அடிக்கடி பார்க்கிறேன். திரையில் ஒரு எண் வந்துவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. ஒரு கார் என்ஜின் உடைந்த பிறகுதான் தெளிந்தேன்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் இருக்கும் என் நண்பர் ஒரு பழைய நிசான் ஸ்கைலைன் கார் வைத்திருக்கிறார். ஆர்33 மாடல். அதில் இருப்பது ஆர்பி25டிஇடி என்ற டர்போ பெட்ரோல் என்ஜின். 2.5 லிட்டர், ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். அதில் ஒரு பாகத்தை மாற்றிவிட்டு, காரை ஓட்டிப் பதிவு செய்த லாக் ஃபைலை எனக்கு ஈமெயிலில் அனுப்பினார். நான் எக்செல்லில் திறந்து கிராஃப் போட்டுப் பார்த்தேன். கோடு நேராக இருந்தது. ‘பிரமாதம், தைரியமாக ஓட்டு’ என்று பதில் எழுதினேன். மூன்று வாரத்தில் ஆறாவது பிஸ்டன் உடைந்தது.

லாக் ஃபைலில் பொய் இல்லை. நான் படித்த விதத்தில்தான் தவறு. அது என்ன என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

காருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள கார்களில் இசியு என்ற சின்ன கம்ப்யூட்டர் இருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டருக்குக் கீபோர்டும் மவுசும் இன்புட் என்றால், இதற்குச் சென்சார்கள்தான் இன்புட். என்ஜினுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதைச் சென்சார்கள் மூலம் கணக்கிட்டு, அதற்கேற்ற பெட்ரோலை இன்ஜெக்டர்கள் வழியாகத் தெளிக்கச் செய்கிறது. இதுதான் அவுட்புட்.

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய சுமார் 14.7 கிராம் காற்று தேவை. ஆனால் டர்போ முழு வேகத்தில் காற்றைத் திணிக்கும்போது இந்த விகிதத்தில் ஓட்டினால் சூடு தாங்காது. ஆகவே பெட்ரோலை வேண்டுமென்றே கூடுதலாகக் கொடுப்பார்கள். கூடுதல் பெட்ரோல் ஆவியாகும்போது சிலிண்டருக்குள் வெப்பம் குறையும். நண்பர் வைத்திருந்த இலக்கு 11.8. நான் பார்த்த கிராஃபிலும் 11.8 என்றே இருந்தது.

நண்பர் மாற்றியது எதை?

இன்டேக் மேனிபோல்டு என்ற பாகத்தை மாற்றியிருந்தார். காற்றை ஆறு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுப்பது இதன் வேலை. ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து ஆறு குழாய்கள். பெட்டிக்குப் பிளீனம் என்று பெயர். குழாய்களுக்கு ரன்னர் என்று பெயர்.

நிசான் கொடுத்த மேனிபோல்டில் காற்று பக்கவாட்டில் நுழைகிறது. வெளிச்சந்தையில் கிடைக்கும் சில மேனிபோல்டுகளில் வாய் காரின் முன்பக்கம் பார்த்து இருக்கும். அப்போது டர்போவிலிருந்து வரும் குழாயின் நீளம் குறையும். பார்க்கவும் அழகாக இருக்கும். நண்பர் வாங்கியது இப்படி ஒன்று.

காற்று ஏன் சமமாகப் பிரியவில்லை?

பஸ் டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லாம் முன்பக்கம் போய்க் குவிகிறார்கள் அல்லவா? காற்றும் அப்படித்தான். அதற்கும் எடை உண்டு, வேகம் உண்டு. முன்பக்கத்தில் வேகமாக நுழையும் காற்று, வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் ரன்னருக்குள் சட்டென்று திரும்ப முடியாமல் அதைத் தாண்டிப் போகிறது. கடைசிச் சுவரில் மோதி நிற்கிறது. அங்கே அழுத்தம் கூடுகிறது. அதனால் கடைசியில் இருக்கும் ஆறாவது சிலிண்டருக்குக் காற்று அதிகம் போகிறது, முதல் சிலிண்டருக்குக் குறைகிறது.

பெட்டியின் வடிவம், கொள்ளளவு, ரன்னர் வாயின் வளைவு ஆகியவற்றைப் பொறுத்து இந்த வித்தியாசம் கூடலாம், குறையலாம். நன்றாக வடிவமைத்த முன்வாய் மேனிபோல்டுகளும் உண்டு. ‘டர்போதான் அழுத்தித் தள்ளுகிறதே, எல்லா இடத்துக்கும் சமமாகத்தானே போகும்?’ என்று பலர் நினைக்கிறார்கள். இது தவறு. அழுத்தம் காட்டும் மீட்டர் பெட்டியில் ஒரே இடத்தில்தான் அளக்கிறது. ஓடும் காற்றின் குணம் டர்போ வந்ததால் மாறிவிடுவதில்லை.

எக்செல்லில் செய்து பாருங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் அல்லது வேறு ஏதாவது ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள். முதல் காலத்தில் ஆறு சிலிண்டருக்கும் போகும் காற்றின் அளவை ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்யுங்கள். உதாரணத்துக்கு 0.96, 0.97, 0.99, 1.00, 1.02, 1.06 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் சரியாக 6 வரும்.

இரண்டாவது காலத்தில் பெட்ரோல் அளவு. இசியு எல்லா இன்ஜெக்டரையும் ஒரே நேர அளவுக்குத் திறப்பதால் ஆறு வரியிலும் 1 என்று போடுங்கள்.

மூன்றாவது காலத்தில், காற்றைப் பெட்ரோலால் வகுத்து 11.8 ஆல் பெருக்குங்கள். இதுதான் ஒவ்வொரு சிலிண்டரின் உண்மையான விகிதம். முதல் சிலிண்டரில் 11.33 வரும். ஆறாவதில் 12.51 வரும். இப்போது மொத்தக் காற்றை மொத்தப் பெட்ரோலால் வகுத்து 11.8 ஆல் பெருக்குங்கள். 11.80! நான் கிராஃபில் பார்த்து மகிழ்ந்த அதே எண்.

இன்னும் ஒன்று செய்யுங்கள். ஆறாவது இன்ஜெக்டரில் அழுக்கு அடைத்து 4 சதவீதம் பெட்ரோல் குறைகிறது என்று வைத்து, 1 என்ற இடத்தில் 0.96 போடுங்கள். ஆறாவது சிலிண்டர் 13.03க்குப் போய்விடும். மொத்த விகிதமோ 11.88 என்றுதான் காட்டும். 0.08 வித்தியாசத்தை யார் கவனிப்பார்கள்?

வகுப்பின் சராசரி மார்க் 70 என்றால் யாருமே பெயில் ஆகவில்லை என்று சொல்ல முடியுமா?

சென்சாருக்கு ஏன் தெரியவில்லை?

இந்தக் காரில் ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே ஆக்சிஜன் சென்சார்தான். அது டர்போவுக்குப் பின்னால் இருக்கிறது. ஆறு சிலிண்டரின் புகையும் டர்போவின் சக்கரத்தில் அடித்துக் கலக்கப்பட்ட பிறகே அதனிடம் வந்து சேருகிறது.

வேகத்தையும் பாருங்கள். என்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது விநாடிக்கு 300 முறை பெட்ரோல் வெடிக்கிறது. நண்பரின் லாக் ஃபைலில் விநாடிக்கு 20 வரிகள். ஆக ஒரு வரிக்குள் 15 வெடிப்புகள் அடங்கியிருக்கின்றன. இதில் ஆறாவது சிலிண்டரை மட்டும் எப்படித் தனியாகப் பார்ப்பது?

பெட்ரோல் குறைந்த சிலிண்டரில் சூடு ஏறும். ஒரு கட்டத்தில் தீப்பொறி பற்றவைத்த பிறகு, மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். இதற்கு நாக்கிங் என்று பெயர். டர்போ என்ஜினில் அழுத்தம் அதிகம் என்பதால் இந்த அடி பலமாக இருக்கும். பிஸ்டன் வளையங்களைத் தாங்கும் விளிம்பு முதலில் உடையும். நண்பரின் பிஸ்டனில் உடைந்ததும் அந்த விளிம்புதான்.

என்ன செய்யலாம்?

1. புது மேனிபோல்டு மாட்டியதும் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். செலவில்லாத சோதனை இது.

2. இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, எல்லாம் ஒரே அளவு தெளிக்கின்றனவா என்று அளக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் மேனிபோல்டைக் குறை சொல்லக்கூடாது.

3. ஒவ்வொரு சிலிண்டரின் புகை வழியிலும் ஒரு வெப்பச் சென்சார் பொருத்தலாம். லாக் ஃபைலில் ஒரு காலத்துக்குப் பதில் ஆறு காலங்கள் கிடைக்கும். தீப்பொறியின் நேரம் மாறினாலும் புகையின் வெப்பம் மாறும். ஆகவே டிகிரி எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஆறையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கள்.

4. ஒவ்வொரு இன்ஜெக்டரையும் அதனதன் முறையில் தனியாக இயக்கும் இசியு என்றால், சிலிண்டர்வாரியாகப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கலாம். காற்று பிரியும் விதம் வேகத்துக்கு வேகம் மாறும். எனவே ஒரே எண்ணைப் போட்டுவிட்டுப் போகாமல் பல வேகங்களில் சோதிக்க வேண்டும்.

5. கடைசி மருந்து மேனிபோல்டுதான். கடைசிப் பக்கம் குறுகிக்கொண்டே போகும் பெட்டியும், வாய் அகன்ற ரன்னர்களும் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நண்பர் புது பிஸ்டன் போட்ட பிறகு ஆறு வெப்பச் சென்சார்களையும் பொருத்தினார். முதல் ஓட்டத்திலேயே ஆறாவது காலம் முதல் காலத்தைவிட 40 டிகிரிக்கு மேல் நின்றது. ஆறாவதற்குப் பெட்ரோலைக் கூட்டினார். கோடுகள் நெருங்கி வந்தன. இந்த முறை ‘பிரமாதம்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘ஆறு பிளக்கையும் கழற்றிப் படம் எடுத்து அனுப்பு’ என்றுதான் எழுதினேன்.

உங்களிடம் கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. வீட்டுச் செலவோ, பிள்ளைகளின் மார்க்கோ எக்செல்லில் போடும்போது ஆவரேஜ் பங்ஷனுக்குப் பக்கத்திலேயே மேக்ஸ், மின் என்ற இரண்டு பங்ஷன்களையும் போட்டு வையுங்கள். அதிகம் எது, குறைவு எது என்று அவை காட்டும். கம்ப்யூட்டர் தனக்குக் கொடுத்ததை வைத்துத்தான் கணக்குப் போடும். எதை அளந்து கொடுத்தோம் என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான்.