பூஜ்யப் பிரதேசம்

ஒரு பெரிய ஸ்தாபனத்தின் கணினி வலையமைப்பில் ரூட்டர் ஒவ்வொன்றும், தன்னோடு பிணைந்துள்ள இணைப்புகள் இன்னவை, அவற்றின் செலவு இவ்வளவு என்று கூறும் அறிக்கையைப் பரப்பி, அவ்வாறே பிற ரூட்டர்கள் பரப்பியவற்றையெல்லாம் சேர்த்து வலையமைப்பு முழுவதின் படத்தையும் தானே வரைந்துகொண்டு, டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1959-இல் பிரசுரித்த முறைப்படி ஒவ்வோர் இடத்துக்கும் செலவு குறைந்த பாதையைக் கணித்துக்கொள்ளுவதே ஓ.எஸ்.பி.எஃப். என்னும் விதிமுறையின் சாரம். ரூட்டர்கள் பெருகப் பெருக இந்தச் சர்வஞானமே பாரமாகிவிடுகிறது. எங்கோ ஒரு மூலையில் ஓர் இணைப்பு அறுந்தும் ஒட்டியும் தொல்லை கொடுத்தால், அதனோடு யாதொரு சம்பந்தமுமில்லாத ரூட்டர்களும் கணக்கை மறுபடி போட்டாக வேண்டும்.

ஆகவே வலையமைப்பைப் பிரதேசங்களாக, பொறியாளர்கள் வழங்கும் பெயரில் ‘ஏரியா’க்களாக, வகுக்கிறார்கள். படம் அந்தந்தப் பிரதேசத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டு பிரதேசங்களிலும் கால் வைத்து நிற்கும் எல்லை ரூட்டர், இரண்டின் படங்களையும் தனித்தனியே வைத்துக்கொண்டபோதிலும், ஒன்றைப் பற்றி மற்றதற்குச் சொல்லும்போது படத்தைக் கொடுப்பதில்லை. சாலையோர மைல்கல்லைப் போல, இன்ன வலையம் என் வழியே இவ்வளவு தூரம் என்று மட்டுமே அறிவிக்கிறது.

சூட்சுமம் இங்கேதான். படம் இருக்கும் வரையில் பாதை சுற்றிவந்து தொடங்கிய இடத்தையே அடைய இடமில்லை. செவிவழிச் செய்தியிலோ அந்த அபாயம் உண்டு. ஒரு பிரதேசம் சொன்னதை இன்னொன்று கேட்டு மூன்றாவதற்குச் சொல்ல, அது புதுச் செய்திபோல் முதலாவதற்கே திரும்பி வருமாயின், தகவல் பொட்டலங்கள் வட்டமிட்டே மாளும். இதைத் தடுக்கவே ‘ஏரியா 0’ என்னும் முதுகெலும்புப் பிரதேசம் விதிக்கப்பட்டது: ஏனைய பிரதேசங்கள் யாவும் அதனோடு ஒட்டியிருக்க வேண்டும், பிரதேசம் விட்டுப் பிரதேசம் செல்வன அதன் வழியே செல்ல வேண்டும், எல்லை ரூட்டரும், பிற பிரதேசங்களைப் பற்றி முதுகெலும்பில் கேட்ட சுருக்கச் செய்தியையன்றி வேறெதையும் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. இதனால் சில வேளை குறுக்கு வழி இருந்தும் சுற்றிப் போக நேரும். வட்டமிடுவதைவிடச் சுற்றுவது மேல் என்பதே என் அபிப்பிராயம்.

ஆயினும், ஒரு ஸ்தாபனத்தை மற்றொன்று வாங்கி இணைத்துக்கொள்ளும்போது, முதுகெலும்பைத் தொடாத பிரதேசமொன்று உண்டாகிவிடுவது சகஜம். அப்போது, இடைப்பட்ட பிரதேசத்தின் இரு எல்லை ரூட்டர்களுக்கிடையே ‘விர்ச்சுவல் லிங்க்’ என்னும் மானசீக இணைப்பொன்றை அமைத்து, அதை முதுகெலும்பின் அங்கமாகவே பாவிக்கலாம் என்று, ஜான் மாய் எழுதி 1998-இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 2328 என்னும் விதிமுறை ஆவணம் அனுமதிக்கிறது. முதுகெலும்பே இரண்டாக முறிந்துவிட்டால் ஒட்டவைக்கவும் இதுவே உதவும். வெளியுலகப் பாதைகளின் செய்தி நுழையாதபடி அடைக்கப்பட்ட ‘ஸ்டப்’ பிரதேசத்தின் ஊடே மட்டும் செல்லாது. இடைப் பிரதேசத்தில் பாதையெல்லாம் அறுந்தால் இதுவும் கூடவே அறுந்துபோகுமாதலால், அநுபவசாலிகள், ஏரியா 0 வரையில் மெய்யான கம்பியொன்றை இழுத்து முடிக்கும்வரைக்கும் இதை முட்டுக்கொடுத்து வைத்திருப்பார்களே தவிர, இதை நம்பிப் புது வலையமைப்பு எதையும் வகுக்கமாட்டார்கள்.